அட்வான்ஸ் யார் கையில்?

ஆனி மாதக் கடைசியில் "வீட்டைக் காலி பண்றேன்" என்று சொல்லும் குடித்தனக்காரரைச் சென்னையில் எந்த வீட்டுக்காரருக்கும் பிடிக்காது. ஆடியில் யாரும் பால் காய்ச்ச வர மாட்டார்கள். வீடு ஒரு மாதம் பூட்டியே கிடக்கும். மார்கழியிலும் இதே கதைதான். ஆகவே, "ஆடி வாடகையையும் கொடுத்துட்டுப் போங்க" என்ற பேச்சு வரும். கொடுக்காவிட்டால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் வரும் பேச்சு அது. குடித்தனம் முடியும் கட்டத்தில் எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை, எங்கே தொடங்கினாலும், கடைசியில் இந்த அட்வான்ஸில்தான் வந்து நிற்கின்றன.

இரு தரப்பும் சட்டம் தெரியாததால்தான் சண்டை போடுகிறார்கள் என்று சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் இது பற்றிய சட்டம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. எவ்வளவு வாங்கலாம், எப்போது திருப்பித் தர வேண்டும், எந்தப் பழுது யார் தலையில் என்பதெல்லாம் எழுதப்பட்டுள்ளன. சட்டம் தொடாமல் விட்டது ஒன்றுதான்: அந்தப் பணம் இடைக்காலத்தில் யாரிடம் இருக்க வேண்டும் என்பது.

பழைய கதையைச் சற்றுப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால வீட்டுப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்துக்கு வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1946, 1949 ஆண்டுச் சட்டங்களைத் தொடர்ந்து வந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நீடித்தது. அதன்படி ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் யாரையும் வெளியேற்றிவிட முடியாது. வாடகைப் பாக்கி, உள்வாடகை, சொந்தக் குடியிருப்புத் தேவை, இடித்துக் கட்டுதல் என்று சட்டம் சொன்ன காரணங்களுள் ஒன்றை நிரூபிக்க வேண்டும். பிறகு மேல்முறையீடு, அதற்கும் மேலே சீராய்வு. தாத்தா போட்ட வழக்கைப் பேரன் நடத்திய கடைகள் ஜார்ஜ் டவுனில் உண்டு. கடையைக் காலி செய்ய வேண்டியவரே அடுத்தவரிடம் பகடி என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு சாவியை மாற்றிவிடும் வழக்கமும் அந்தக் காலத்தின் விளைச்சல்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பது அந்த 1960 சட்டத்திலேயே இருந்தது. அதே சட்டம் நடப்பில் இருந்த ஊரில்தான் பத்து மாத அட்வான்ஸ் என்பது வழக்கமானது. ஆளை வெளியேற்றுவது கடினம் என்று ஆனபோது, வீட்டுக்காரர் தன் பாதுகாப்பைப் பணமாக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டார் என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். எழுத்தில் எதுவும் தராமல் இருப்பதும், தந்தால் பதினோரு மாதத்துக்கு மட்டும் தருவதும் இந்தப் பயத்தின் பிள்ளைகள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிய வேண்டும் என்பதால், பதினொன்றோடு நிறுத்திக்கொண்டார்கள்.

1960 சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம். நடைமுறைக்கு வந்த நாள் 22 பிப்ரவரி 2019. எத்தனை மாத வாடகையானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் பெற வேண்டும் என்கிறது இது. பதினோரு மாதத் தந்திரத்துக்கு இங்கே வேலையில்லை. ஆனாலும் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் முத்திரைத்தாளில் அச்சடித்த பதினோரு மாத ஒப்பந்தம் இன்னும் அமோகமாக விற்பனையாகிறது. தகராறு முற்றும்போதுதான் பதிவு எண்ணின் அருமை தெரிகிறது. அது இல்லாதவர் வாடகை அதிகாரியின் வாசலுக்குப் போகவே தயங்குகிறார்.

புதிய சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால், முன்வைப்புத் தொகை மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கிகளைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். "வேறு உடன்பாடு இல்லையென்றால்" என்ற அந்த முன்னொட்டில்தான் பழைய பத்து மாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வீடு தேடி அலைந்து களைத்தவர் எந்த உடன்பாட்டிலும் கையெழுத்துப் போடுவார்.

முடிவை அறிவிப்பதிலிருந்து தொடங்கலாம். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எழுதியிருக்கிறதோ அதுவே இரு தரப்பையும் கட்டும். எதுவும் எழுதாத மாத வாடகைக்கு 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு பதினைந்து நாள் என்கிறது. இந்தப் பதினைந்து நாள், அறிவிப்பு எதிராளி கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படும். எனவே மாடிப்படியில் பார்த்துச் சொன்னதோ, வாடகையை வாங்க வந்த மருமகனிடம் சொன்னதோ பின்னால் கணக்கில் வராது. வாட்ஸப்பில் அனுப்பிய செய்தி உதவும். ஒப்புகையோடு போன தபால் அதைவிட உதவும். ஆடி வாடகை கேட்பவருக்கும் பதில் இதில்தான் இருக்கிறது: முன்னறிவிப்புக் காலத்துக்குள் ஆடி வந்தால் அந்த வாடகை அவருக்கு உரியது, வராவிட்டால் காலி வீட்டின் நஷ்டம் அவருடையது.

குடியிருப்பவர் கையில் உள்ள எதிர் ஆயுதம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கடைசி மாதங்களில் வாடகையை நிறுத்திவிட்டு, "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க" என்று சொல்லிவிடுவது. அட்வான்ஸ் திரும்பாது என்ற அனுபவம் உள்ளவர்களிடம் இது பரவலான தற்காப்பு. குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரண்டு மாத வாடகைப் பாக்கி, வீட்டை மீட்கச் சட்டம் தரும் காரணங்களுள் ஒன்று. வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் கழிக்கத் தொடங்குபவர், நியாயம் தன் பக்கம் இருந்தும், பாக்கிதாரராகப் பதிவாகிறார். தவிர, பத்து மாத அட்வான்ஸ் முழுவதையும் கழித்துவிட்டுக் கிளம்புபவர், சமையலறைச் சுவரைக் கரியாக்கி, கதவை உடைத்துவிட்டுப் போனால் வீட்டுக்காரர் கையில் எதுவும் மிஞ்சாது. எந்தப் பாதுகாப்புக்காக அந்தப் பணம் வாங்கப்பட்டதோ, அந்தப் பாதுகாப்பும் அதோடு போகிறது.

சாவியை ஒப்படைக்கும் நாளில் வீடு எந்த நிலையில் இருக்க வேண்டும்? சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு இதற்கு நல்ல விடை வைத்திருக்கிறது. குடியேறியபோது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பித் தர வேண்டும். நியாயமான தேய்மானத்துக்கும், மனித சக்திக்கு மீறியதால் விளைந்த சேதத்துக்கும் குடியிருப்பவர் பொறுப்பில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற வீடுகளின் சுவர் உப்பிப்போனதற்குக் குடியிருந்தவரிடம் பணம் பிடிக்க இடமில்லை. வெள்ளமோ தீயோ வீட்டின் முக்கியப் பகுதியை நிரந்தரமாகப் பயன்படாமல் ஆக்கிவிட்டால், அந்தக் குத்தகையையே முறித்துக்கொள்ளும் உரிமையும் குடியிருப்பவருக்கு உண்டு.

தேய்மானம் எங்கே முடிந்து சேதம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பெயிண்ட் வருகிறது. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங் சார்ஜ் என்று பிடித்துக்கொள்வது சென்னையில் சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. கோவையிலும் மதுரையிலும் இதைக் கேட்கலாம். 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின்கம்பி வேலை, கட்டடத்தின் பெரும் பழுதுகள் எல்லாம் அங்கே வீட்டுக்காரர் பங்கில் இருக்கின்றன. குழாயின் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, தாழ்ப்பாள், உடைந்த ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, அடைத்த சாக்கடை, கீசர், கழிவறைப் பழுது ஆகியவை குடியிருப்பவர் பங்கு. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக்கொள்ள அனுமதி உண்டு. எழுதாவிட்டால் இந்தப் பங்கீடுதான். ஆக, ஒப்பந்தத்தில் பெயிண்ட் பற்றிய பேச்சே இல்லாத வீட்டில் பெயிண்டிங் சார்ஜ் பிடிப்பதற்குச் சட்டத்தில் ஆதாரம் கிடையாது.

எழுதியிருந்தாலும் அளவு என்று ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. ஐந்தாண்டு குடியிருந்தவர் போகும்போது அந்தச் சுவருக்கு எப்படியும் வர்ணம் அடிக்கத்தான் வேண்டும். அந்தச் செலவை முழுக்க அவர் தலையில் வைப்பது, ஐந்தாண்டாக வாங்கிய வாடகைக்கு மேல் இன்னொரு வாடகை வாங்குவது. குழந்தை கிரேயானால் கிறுக்கிய சுவர் வேறு, வெயிலில் வெளுத்த சுவர் வேறு. காலண்டர் மாட்டிய நான்கு ஆணி ஓட்டையும், ஏ.சி. குழாய்க்காக உடைத்த சுவரும் ஒன்றல்ல. குடியிருப்பவர் தன் செலவில் பொருத்திய ஏ.சி., குடிநீர்ச் சுத்திகரிப்பான், கொசுவலைக் கதவு முதலியவற்றைக் கழற்றிக்கொண்டு போகலாம். கழற்றிய இடத்தைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும். வீடு கையில் இருக்கும்போதே கழற்ற வேண்டும் என்பது இதில் முக்கியம். சாவியைக் கொடுத்த மறுவாரம் ஏணியோடு வந்து நிற்பவருக்கு அந்த உரிமை இல்லை.

இவை அனைத்தும் ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்கின்றன: குடியேறியபோது வீடு எப்படி இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? நம் ஒப்பந்தங்களில் "இரண்டு ஃபேன், நான்கு டியூப்லைட்" என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இருப்பதில்லை. அந்த ஃபேன் ஓடியதா என்றுகூட யாரும் எழுதுவதில்லை. கையில் எல்லாருக்கும் கேமரா உள்ள காலத்தில் குடியேறும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிவந்து படம் எடுத்துக்கொள்ள அரை மணி நேரம் போதும். பால் பொங்கும் நாளில் சுவரின் விரிசலைப் படம் எடுப்பது அபசகுனம் போலத் தோன்றுவதால்தானோ என்னவோ, செய்பவர்கள் குறைவு.

மின் கட்டணம் சிறிய விஷயம்தான், ஆனால் சுவாரஸ்யமானது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். உபயோகம் ஏற ஏற அடுத்தடுத்த யூனிட்டுக்கு விலையும் ஏறும். கணக்கெடுப்புக்கு நடுவில் ஒருவர் காலி செய்து இன்னொருவர் குடிவந்தால், இருவர் உபயோகமும் ஒரே பில்லில் சேர்ந்து மேல் விலைக்குப் போய்விடும். அந்த இலவச 100 யூனிட் யாருக்குச் சேரும் என்பதற்கு விதி எதுவும் இல்லை. சாவி கொடுக்கும் நாளில் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, இலவச யூனிட்டை நாள் கணக்கில் பிரித்துக்கொள்வதுதான் நியாயம். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் பாக்கி நின்றால் அவர் வீட்டு மின்சாரம்தான் போகும். அட்வான்ஸில் ஒரு பகுதியை அடுத்த பில் வரும்வரை நிறுத்திவைக்கிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவருக்கு இன்னொரு கடமை உண்டு: வருமான வரிப் பிடித்தம். ஆண்டு நடுவில் காலி செய்தால் கடைசி மாத வாடகையில் அதைப் பிடித்துக் கட்டிவிட வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து இது 2 சதவீதம். கேஸ் இணைப்பு, வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை முகவரி ஆகியவற்றை மாற்றுவதும் போகிறவர் வேலைதான்.

போகாதவர் கதை வேறு. காலம் முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால், பழைய நிபந்தனைகளின்படியே மாதத்துக்கு மாதமாக, அதிகபட்சம் ஆறு மாதம்வரை நீடித்ததாக 2017 சட்டம் கொள்கிறது. அதற்கும் மேல் இருப்பவரிடம் இரட்டிப்பு வாடகையை இழப்பீடாகக் கேட்கலாம். ஆனால் அதை வாடகை நீதிமன்றத்தின் வழியாகத்தான் கேட்க வேண்டும். மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, வெளியே போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவது முதலியவை வீட்டுக்காரரின் வழக்கமான கைமருந்து. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்க இந்தச் சட்டம் தடை விதிக்கிறது. பூட்டி வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம். வீடு யாருடையது என்ற கேள்விக்கே அந்த வழக்கில் இடமில்லை.

அட்வான்ஸ் வராமல் காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிடலாமா? இதைத்தான் பலரும் கேட்கிறார்கள். சாதாரண வாடகையில் அது ஆபத்தான வழி. வீட்டைத் திருப்பித் தருவதும் பணத்தைத் திருப்பித் தருவதும் தனித்தனிக் கடமைகள். உட்காரும் ஒவ்வொரு மாதமும் கூடுதல் வாடகை ஏறும். போக்கியத்துக்கு அல்லது ஒத்திக்கு வீடு பிடித்தவர் நிலை இதற்கு நேர்மாறு. சில லட்சம் மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் இருந்து, போகும்போது முழுப்பணத்தையும் வாங்கிக்கொள்ளும் இந்த முறை தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. சட்டம் இதை அனுபவ அடமானமாகப் பார்க்கிறது. பணம் வரும்வரை வீட்டைக் கையில் வைத்திருக்கும் உரிமையே இதன் சாரம். ஆனால் 100 ரூபாய் முதல் எந்தத் தொகைக்கும் அடமானப் பத்திரம் இரண்டு சாட்சிகளோடு பதிவாக வேண்டும். பதிவுச் செலவுக்குப் பயந்து, முத்திரைத்தாளில் "லீஸ் அக்ரிமெண்ட்" என்று எழுதிக்கொண்டவர், ஐந்து லட்சம் கொடுத்தும் அந்த உரிமையைக் கையிலிருந்து நழுவவிடுகிறார். வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, அது ஏலத்துக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். வில்லங்கச் சான்று பார்க்காமல் போக்கியத்துக்குப் போகவே கூடாது.

குடியிருக்கும்போதே வீடு கைமாறினாலும் இதே சிக்கல்தான். புதியவர் "பழைய ஓனரைக் கேளுங்க" என்பார். பழையவர் "விலையில் கழிச்சுக் கொடுத்துட்டேன்" என்பார். விற்பனை நடக்கும் வாரத்திலேயே அட்வான்ஸ் தன் பொறுப்புக்கு வந்துவிட்டது என்று புதியவரிடம் எழுதி வாங்கிக்கொள்வதைவிட எளிய வழி இதற்கு இல்லை.

2017 சட்டம் எட்டாத இடங்களும் உள்ளன. கோயில், வக்ஃப் சொத்துகள் இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. மனை ஒருவருடையது, மேலே உள்ள கட்டடம் குடியிருப்பவருடையது என்ற விசித்திர உறவு சென்னையில் நெடுங்காலமாக உண்டு. அதற்கென்றே 1921-ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மனையைக் காலி செய்யச் சொன்னால் கட்டடத்துக்கு இழப்பீடு தர வேண்டும். குடியிருப்பவர் விரும்பினால், தேவையான அளவு மனையைத் தனக்கே விற்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். 1996-ஆம் ஆண்டுத் திருத்தம் சமய நிறுவனங்களின் மனைகளை இதிலிருந்து விலக்கியது. கோயில் மனையில் தலைமுறைகளாக வீடு கட்டி இருந்தவர்கள் அதோடு மனையை வாங்கும் உரிமையை இழந்தார்கள்.

மற்ற நாடுகளில் அட்வான்ஸை என்ன செய்கிறார்கள்? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1977-இலேயே இதற்கு ஒரு வாரியம் அமைத்துவிட்டது. வாடகை முன்பணம் வாரியத்தின் கைக்குப் போகும். இருவரும் ஒப்பினால் உடனே திரும்பும், ஒப்பாவிட்டால் தீர்ப்பாயம் முடிவு செய்யும். இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற திட்டம் ஒன்றில் பணத்தைப் பாதுகாப்பது கட்டாயம். செய்யாத வீட்டுக்காரர் அந்தத் தொகையைப் போல மூன்று மடங்குவரை தண்டம் கட்ட நேரலாம். பிடித்தம் செய்ய விரும்புபவர்தான் சேதத்தை நிரூபிக்க வேண்டும். ஆகவே அங்கே குடியேறும் நாளில் கதவு கதவாகப் பட்டியல் எழுதுகிறார்கள். பணம் மூன்றாவது கைக்குப் போனதும் சாட்சி தேடும் வேலை தானாக வீட்டுக்காரர் பக்கம் போய்விட்டது. நம் ஊரில் பணம் வீட்டுக்காரரிடமே இருப்பதால், வழக்குப் போட வேண்டியவரும் சாட்சி தேட வேண்டியவரும் காலி செய்தவர்தான்.

ஒன்றிய அரசு 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத அட்வான்ஸ் போதும் என்றது. வீட்டை ஒப்படைக்கும் அன்றே திருப்பித் தர வேண்டும் என்றது. தொகை குறைந்தது, நாள் நெருங்கியது. பணம் மட்டும் அதே கையில்தான். தமிழ்நாட்டில் ஒப்பந்தத்தைப் பதிய இணையதளம் ஏற்கெனவே இருக்கிறது. பதிவு எண் தரும்போதே முன்வைப்புத் தொகையையும் அங்கே வாங்கிவைப்பது தொழில்நுட்பத்தில் பெரிய காரியமில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. "அடுத்த ஆள் வரட்டும், அட்வான்ஸைத் தர்றேன்" என்று சொல்லும் வீட்டுக்காரர்களில் பலர் பொய் சொல்லவில்லை. போனவர் கொடுத்த பணம் மகள் கல்யாணத்திலோ மாடி கட்டியதிலோ கரைந்துவிட்டது. வருபவர் பணம்தான் போகிறவருக்கு. இந்தச் சங்கிலியை ஒரே நாளில் அறுத்தால், இப்போது குடியிருப்பவர்களின் பணம்தான் முதலில் மாட்டும். ஆகவே வாரியம் என்று ஒன்று வந்தால், அது புதிய ஒப்பந்தங்களில் தொடங்கி, மூன்று மாத வரம்பை உடன்பாட்டின் பெயரால் மீற முடியாதபடி இறுக்கி, பழைய அட்வான்ஸ்களைத் திருப்பித் தரச் சில ஆண்டுகள் அவகாசம் கொடுத்துத்தான் வர வேண்டியிருக்கும்.